குதிரைக் கண்பட்டை: மறைப்பதும் காட்டுவதும்

குதிரையின் கண்களுக்குப் பக்கவாட்டில், தலைக்கச்சையோடு இணைத்துக் கட்டப்படும் மறைப்பு கண்பட்டை எனப்படுகிறது. பின்னாலும் பக்கத்திலும் உள்ளவற்றை மறைத்து, குதிரையின் பார்வையை முன்புறமாகத் திருப்புவது இதன் வேலை. தோல், உலோகம், தந்தம், மரம், துணி, பிளாஸ்டிக் எனக் காலத்துக்கு ஏற்ப இது பல பொருள்களால் செய்யப்பட்டு வந்துள்ளது. பந்தய மைதானங்களில் 'பிளிங்கர்' என்ற சொல்லே வழக்கில் உள்ளது.

தமிழில் ஒரே நோக்கில் செல்பவரைக் 'கடிவாளம் கட்டிய குதிரை' என்பதுண்டு. சிலர் 'சேணம் கட்டிய குதிரை' என்றும் சொல்வர். உண்மையில் கடிவாளம் வாயில் பூட்டப்படுவது. சேணம் முதுகில் இடப்படுவது. பார்வையைக் கட்டுப்படுத்துவது கண்பட்டை மட்டுமே. ஜட்கா வண்டிக் குதிரைகளின் முகத்தில் கடிவாளமும் கண்பட்டையும் சேர்ந்தே இருந்ததால், பேச்சு வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன எனலாம்.

ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பயன்பாட்டில் இருக்கும் இச்சிறு கருவியைச் சுற்றி ஒரு கேள்வி தொடர்ந்து வந்துள்ளது. அஞ்சும் குதிரையின் கண்ணை மறைப்பதா, அல்லது அஞ்சாதபடி அதைப் பழக்குவதா என்பதே அது.

குதிரையின் பார்வை

கண்பட்டை ஏன் தேவைப்பட்டது என்பதை அறியக் குதிரையின் கண்ணை அறிய வேண்டும். நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் மிகப் பெரிய கண்களை உடையவற்றுள் குதிரையும் ஒன்று. மனிதருக்குக் கண்கள் முகத்தின் முன்புறம் அமைந்துள்ளன. குதிரைக்கு அவை தலையின் இரு பக்கங்களிலும் உள்ளன. இதனால் தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை அளவுக்கு அதனால் காண முடியும். நேர் பின்புறமும் நெற்றிக்கு மிக அருகில் உள்ள சிறு பகுதியும் மட்டுமே அதற்குத் தெரியாதவை.

இந்தப் பரந்த பார்வையின் பெரும்பகுதி ஒற்றைக்கண் பார்வை. வலக்கண் ஒன்றைக் காணும் நேரத்தில் இடக்கண் வேறொன்றைக் காணும். இரு கண்களும் சேர்ந்து ஒரே பொருளைக் கண்டு தொலைவை நன்கு மதிப்பிடும் பகுதி முன்புறத்தில் குறுகலாகவே உள்ளது. பக்கவாட்டில் ஏற்படும் சிறு அசைவையும் குதிரை உடனே உணரும். ஆனால் அசைந்தது என்ன என்பதைத் தெளிவாகக் காண அது தலையைத் திருப்ப வேண்டியிருக்கும்.

புல்வெளியில் வேட்டை விலங்குகளிடமிருந்து தப்பி வாழ்ந்த விலங்குக்கு இந்த அமைப்பு பெரும் துணை. ஐயம் எழுந்தவுடன் ஓடிவிடுவதே குதிரையின் இயல்பான தற்காப்பு. மனிதன் அதை வண்டியில் பூட்டியபோது இதே இயல்பு இடையூறாக மாறியது. பின்னால் சுழலும் சக்கரம், உயரும் சாட்டை, காற்றில் பறக்கும் துணி என எல்லாமே அதன் கண்ணில் படும். பூட்டிய வண்டியோடு மிரண்டு ஓடும் குதிரை தனக்கும் பிறருக்கும் ஆபத்தானது.

பழங்காலச் சான்றுகள்

கண்பட்டையின் தொடக்கம் தேர்களோடு தொடர்புடையது. எகிப்திய மன்னர் துட்டன்காமன் கி.மு. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 1922இல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டறிந்த அவருடைய கல்லறையில் ஆறு தேர்களும் குதிரைச் சாதனங்களும் இருந்தன. அவற்றுள் கண்பட்டைகளும் அடங்கும். கிரேக்கத்தின் கிரீட் தீவில் உள்ள நொசோஸ் அரண்மனையில், தேர்களையும் அவற்றின் உறுப்புகளையும் பட்டியலிடும் களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. லீனியர் பி எழுத்தில் அமைந்த அப்பலகைகளில் வரும் ஒரு சொல்லை ஆய்வாளர்கள் கண்பட்டை எனப் பொருள்கொள்கின்றனர்.

அசீரியப் பேரரசின் தலைநகரங்களுள் ஒன்றான நிம்ருதில் நடந்த அகழாய்வுகளில் தந்தத்தில் செதுக்கிய கண்பட்டைகள் கிடைத்தன. சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகரில், அரச கல்லறைகளின் வாயிலில் தேரோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட குதிரைகளின் எலும்புகளோடு வெண்கலக் கண்பட்டைகளும் காணப்பட்டன.

இவற்றுள் வியப்பூட்டும் பயணம் செய்தவை ஹசாயேலின் கண்பட்டைகள். ஹசாயேல் கி.மு. 9ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸை ஆண்ட அரமேய மன்னர். அவர் பெயரை அரமேய எழுத்தில் பொறித்த வெண்கலக் கண்பட்டை ஒன்று கிரேக்கத்தின் எரெட்ரியாவில் அப்போலோ கோயில் பகுதியில் கிடைத்தது. அதே பெயர் பொறித்த குதிரை நெற்றித்தகடு சாமோஸ் தீவின் ஹீரா கோயிலில் கிடைத்தது. மன்னரின் குதிரைக்கு அணிவித்த பொருள்கள் கடல் கடந்து அந்நிய நாட்டுத் தெய்வங்களுக்குக் காணிக்கையாகியிருந்தன.

இக்காலக் கண்பட்டைகளில் பல அழகிய வேலைப்பாடு கொண்டவை. எனவே இவை பார்வையை மறைக்கவா, அம்பிலிருந்து கண்ணைக் காக்கவா, அரச செல்வத்தைக் காட்டவா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூன்று நோக்கங்களும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

மறைக்காத கவசமும் முழுவதும் மறைத்த கவசமும்

போர்க்குதிரையில் நிலைமை வேறுபட்டது. ஏறி அமர்ந்த வீரனின் உயிர் குதிரையின் கண்ணையும் நம்பியிருந்தது. ரோமானியப் படையினர் அணிவகுப்பு விளையாட்டுகளில் குதிரைகளுக்கு முகக்கவசம் அணிவித்தனர். ஜெர்மனியின் ஸ்ட்ராபிங் நகரில் 1950இல் கிடைத்த புதையலில் இத்தகைய கவசங்கள் உள்ளன. அவற்றின் கண் பகுதி, துளைகள் நிறைந்த வெண்கலக் கிண்ணம் போன்றது. எறியப்படும் ஈட்டியிலிருந்து கண்ணைக் காக்க வேண்டும். அதே நேரத்தில் குதிரைக்குப் பார்வையும் வேண்டும். இரண்டுக்கும் இடம் தந்த அமைப்பு அது.

ஐரோப்பிய இடைக்காலத்தின் இறுதியில் நடந்த ஈட்டிப் போட்டிகளில் இதற்கு நேர்மாறான கவசமும் இருந்தது. எதிரெதிராக விரைந்து வரும் இரு குதிரைகளில் ஒன்று கடைசி நொடியில் விலகிவிட்டால் போட்டி கெடும். எனவே கண் துளையே இல்லாத முகக்கவசங்கள் சில குதிரைகளுக்கு அணிவிக்கப்பட்டன. எதிரே வருவது தெரியாமல் குதிரை வீரனின் ஏவலை மட்டும் நம்பி ஓடியது.

பழக்கிச் சரிசெய்யும் வழியை வலியுறுத்திய பழைய குரலும் உண்டு. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் படைத்தலைவரான செனபோன் குதிரையேற்றம் குறித்து ஒரு நூல் எழுதினார். இளங்குதிரையைக் கூட்டத்தினூடே நடத்திச் சென்று, பலவகைக் காட்சிகளுக்கும் ஒலிகளுக்கும் பழக்க வேண்டும் என்கிறார் அவர். அது எதையாவது கண்டு அஞ்சினால் கடுமை காட்டாமல், அதில் அஞ்ச ஒன்றுமில்லை என்று அமைதியாக உணர்த்த வேண்டும் என்பதும் அவர் அறிவுரை.

வண்டிக் காலம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பிய நகரங்களில் குதிரை வண்டிகள் பெருகின. கண்பட்டை வண்டிச் சேணத்தின் வழக்கமான உறுப்பானது. சதுரம், வட்டம், ஒருபுறம் வளைந்த வடிவம் எனத் தோலில் அவை தைக்கப்பட்டன. செல்வர் வீட்டு வண்டிகளில் குடும்பச் சின்னமும் அவற்றின்மேல் பதிக்கப்பட்டது.

வண்டியோட்டிகள் கூறிய காரணங்கள் நடைமுறை சார்ந்தவை. சக்கரம் சுழல்வதைக் கண்டு குதிரை மிரளாது. இரட்டைக் குதிரை வண்டியில் ஒரு குதிரைக்காக ஓங்கிய சாட்டையைக் கண்டு மற்றது முன்பாய்ந்து ஓடாது. ஓட்டுபவர் அசையும்போதெல்லாம் குதிரை தானாகக் கிளம்பிவிடாது. தமிழ்நாட்டின் ஜட்கா வண்டிக் குதிரைகளுக்கும் இதே காரணங்கள் பொருந்தின. செக்கிழுக்கும் மாட்டுக்குக் கண் கட்டும் வழக்கமும் இதற்கு நெருங்கியது. ஆனால் அது ஒரே வட்டத்தில் சுற்றும் விலங்குக்கானது. தெருவில் செல்லும் குதிரைக்கு வழி தெரிய வேண்டும்.

எதிர்ப்பும் இக்காலத்தில் வலுத்தது. விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் 1824இல் லண்டனில் தோன்றியது. 1877இல் ஆனா சூவெல் எழுதிய 'பிளாக் பியூட்டி' நாவல் வெளிவந்தது. சிறுவயதில் காலில் ஏற்பட்ட காயத்தால் நடக்க இயலாமல் குதிரை வண்டியை நம்பி வாழ்ந்தவர் அவர். குதிரையே தன் கதையைச் சொல்வதாக அமைந்த அந்நாவல் குதிரையின் தலையை வலிந்து உயர்த்திக் கட்டும் வாரைக் கண்டித்ததற்காகப் பெரிதும் அறியப்படுகிறது. கண்பட்டை பற்றிய உரையாடலும் அதில் உண்டு. இருட்டில் மனிதரைவிடக் குதிரைக்கு நன்றாகக் கண் தெரியும். கண் மறைக்கப்படாமல் இருந்தால் பல விபத்துகள் நேர்ந்திருக்காது என்று அந்நாவலின் குதிரைகள் பேசிக்கொள்கின்றன. இரவில் குளக்கரையோரம் சென்ற சவவண்டி கவிழ்ந்து குதிரைகள் மூழ்கிய கதையை அவை சான்றாகக் கூறுகின்றன.

இவ்வாதத்தின் அடிப்படை சரியானதே. குதிரையின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உள்ளது. மங்கிய ஒளியில் அது மனிதரைவிட நன்கு காண இதுவே உதவுகிறது. சாலை விளக்குகள் குறைந்த காலத்தில் வழியை அறியும் சிறந்த கண்கள் வண்டியின் முன்னேதான் இருந்தன. அவற்றையே மறைப்பது சரியா என்பதுதான் சூவெல் எழுப்பிய கேள்வி. நாவல் வெளிவந்த சில மாதங்களில், 1878இல், அவர் இறந்தார்.

பந்தயக் களத்தில்

பந்தயக் குதிரைக்கு வண்டியோ சக்கரமோ இல்லை. அங்கே கவனச்சிதறல் வேறு வகையானது. பக்கத்தில் நெருங்கும் குதிரை, வேலிக்கு அப்பால் ஆரவாரிக்கும் கூட்டம், தரையில் விழும் நிழல் ஆகியவை குதிரையின் ஓட்டத்தைக் குலைக்கலாம். துணித் தலையுறையில் கண்ணருகே கிண்ணம் போன்ற மறைப்புகளைத் தைத்த கண்பட்டை இதற்குப் பயன்பட்டது. பிரிட்டனில் இது நெடுங்காலம் சண்டிக்குதிரையின் முத்திரையாகவே கருதப்பட்டது. கண்பட்டையோடு களமிறங்கும் குதிரை ஓட மனமில்லாதது என்ற எண்ணம் பார்வையாளரிடம் இருந்தது. அமெரிக்காவில் அத்தகைய இழிவு குறைவு. 1973இல் மூன்று பெரும் பந்தயங்களையும் வென்ற செக்ரட்டேரியட் நீல வெள்ளைக் கட்டமிட்ட கண்பட்டையோடு ஓடியது.

எந்தக் கண்பட்டையைத் தேர்வது என்பதன் முக்கியத்துவத்தை விளக்க மிகவும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்வு 1941இல் நடந்தது.

வேர்லவே: ஒற்றைக் கண் மறைப்பு

வேர்லவே என்பது கென்டக்கி மாநிலத்தின் கேலுமெட் பண்ணையில் வளர்ந்த செந்நிற ஆண்குதிரை. அதன் தந்தை 1930இல் இங்கிலாந்தின் டெர்பி பந்தயத்தை வென்ற பிளென்ஹைம். நீண்ட வாலால் பெயர்பெற்ற வேர்லவேயின் வேகத்தில் எவருக்கும் ஐயமில்லை. ஆனால் திருப்பங்களில் அது உள்வேலியை ஒட்டி வளையாமல் வெளிப்பக்கமாக விலகி ஓடியது. அமெரிக்கப் பந்தயங்கள் இடப்புறமாகச் சுற்றி ஓடப்படுபவை. வலப்புறம் விலகும் குதிரை கூடுதல் தொலைவு ஓட வேண்டும். 1941 வசந்தத்தில், கென்டக்கி டெர்பிக்கு முன்னோட்டமான இரு பந்தயங்களில் வேர்லவே இவ்வாறு விலகியோடித் தோற்றது.

அதன் பயிற்சியாளர் பென் ஜோன்ஸ். குதிரை ஏன் விலகுகிறது என்பதை அதன் பார்வையிலிருந்து அவர் அணுகினார். இரு கண்களையும் ஒரே அளவில் மறைப்பது இங்கு உதவாது. விலகிச் செல்லும் வலப்பக்கம் தெரியக்கூடாது. ஒட்டி ஓட வேண்டிய இடப்பக்க வேலி தெரிய வேண்டும். ஆகவே கண்பட்டையின் இடப்பக்கக் கிண்ணத்தை அவர் வெட்டி எடுத்தார். வலப்பக்கக் கிண்ணம் மட்டும் இருந்தது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. டெர்பிக்கு முன்பு நடந்த பயிற்சியில் தம் மட்டக்குதிரையின் மீது அமர்ந்து, திருப்பத்தில் உள்வேலிக்குச் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். தமக்கும் வேலிக்கும் இடையிலான குறுகிய இடைவெளியில் வேர்லவேயைச் செலுத்தும்படி ஜாக்கி எடி அர்காரோவிடம் கூறினார். குதிரை வலப்புறம் விலகினால் ஜோன்ஸ் மீதே மோதும். முழு வேகத்தில் வந்த வேர்லவே விலகாமல் அந்த இடைவெளியில் நேராகச் சென்றது. பயிற்சியாளரே தம் உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தார் என்றால், மறைப்பு வேலை செய்யும் என்பதில் அர்காரோவுக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது.

1941 மே 3 அன்று லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் டெர்பி நடந்தது. கடைசித் திருப்பத்தில் வேலியோரமாக வளைந்த வேர்லவே எட்டுக் குதிரை நீள இடைவெளியில் வென்றது. ஒன்றேகால் மைல் தொலைவை அது 2 நிமிடம் 1⅖ நொடியில் கடந்தது. இச்சாதனை 1962 வரை நிலைத்தது. அடுத்து பிரீக்னெஸ், பெல்மான்ட் பந்தயங்களையும் வென்று, அமெரிக்காவின் மும்மகுடம் பெற்ற ஐந்தாவது குதிரையானது. வாழ்நாளில் 60 பந்தயங்களில் ஓடி 32இல் முதலிடம் பெற்றது. 1942இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் பரிசுத்தொகை ஈட்டிய முதல் குதிரை என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

இவ்வெற்றி முழுவதும் கண்பட்டையால் வந்தது என்று கூற முடியாது. குதிரையின் வேகமும் அர்காரோவின் திறனும் ஜோன்ஸின் பொறுமையும் அதில் உண்டு. ஆயினும் குதிரையின் குறையைச் சரியாக அறிந்து, அதற்குத் தேவையான அளவு மட்டும் மறைத்ததே ஜோன்ஸின் தேர்வில் கவனிக்கத்தக்கது.

வகைகளும் தேர்வும்

இன்று பந்தயங்களில் பல வகை மறைப்புகள் உள்ளன.

முழுக்கிண்ணம்: பக்கத்தையும் பின்புறத்தையும் பெருமளவு மறைக்கும். பக்கத்தில் வரும் குதிரைகளைக் கண்டு மிரள்வதற்கும் எளிதில் கவனம் சிதறுவதற்கும் இது பயன்படும்.

அரைக்கிண்ணம், கால்கிண்ணம்: மறைக்கும் அளவு குறைவு. பக்கப் பார்வையில் ஒரு பகுதி குதிரைக்குக் கிடைக்கும்.

துளைக்கிண்ணம்: கிண்ணத்தில் பிளவோ துளையோ இருக்கும். முன்னணியில் ஓடும்போது போட்டியில்லை என்று வேகத்தைக் குறைக்கும் குதிரைகள் உண்டு. பின்னால் ஒருவர் நெருங்குவது அவற்றுக்குத் தெரிய வேண்டும். முழுமையாக மறைத்தால் அவை மேலும் சோம்பும்.

ஒற்றைப் பக்க மறைப்பு: ஒரு பக்கமாக விலகும் குதிரைக்கானது. வேர்லவே அணிந்தது இவ்வகை.

கன்னப்பட்டை: கன்னத்தின் வாரில் கட்டப்படும் ஆட்டுத்தோல் அல்லது கம்பளிச் சுருள். பின்புறப் பார்வையைச் சிறிதளவு மட்டும் தடுக்கும்.

மூக்குச்சுருள்: மூக்கின் மீது கட்டப்படும் தடித்த கம்பளிப் பட்டை. தரையில் விழும் நிழல்களை மறைக்கும். அவற்றைத் தடை என்று எண்ணித் தாவும் குதிரைக்கு இது உதவும்.

தேர்வு குதிரையிடமிருந்தே தொடங்குகிறது. அது விலகுவது அச்சத்தாலா, சோம்பலாலா, வலியாலா என்பதை முதலில் அறிய வேண்டும். வாய், பல், கால் ஆகியவற்றில் வலி இருந்தாலும் குதிரை ஒரு பக்கமாக விலகும். அந்நிலையில் கண்ணை மறைப்பது நோயை மறைப்பதாகவே முடியும். வலி இல்லை என்று உறுதியான பின், குறைந்த மறைப்பில் தொடங்கித் தேவைக்கேற்பக் கூட்டுவது பொருத்தமானது. கிண்ணம் இமையிலும் இமைமயிரிலும் உரசக்கூடாது. தளர்ந்து நகர்ந்து முன்பார்வையை மறைக்கவும் கூடாது. பந்தய நாளுக்கு முன்பே பயிற்சியில் அணிவித்துப் பழக்க வேண்டும்.

முதன்முறை அணியும்போது சில குதிரைகள் அளவுக்கு மீறி விரைந்து, தொடக்கத்திலேயே ஆற்றலை இழந்துவிடும். வேறு சிலவற்றில் முதல் சில ஓட்டங்களில் தெரிந்த பயன் பின்னர் மங்கும். ஓட்டத்தை இவ்வளவு மாற்றக்கூடியது என்பதால், கண்பட்டை அணிவிப்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று பந்தய விதிகள் பல நாடுகளில் கூறுகின்றன. பிரிட்டனின் பந்தயப் பட்டியலில் குதிரையின் பெயரருகே இதற்கெனத் தனி எழுத்துக் குறியீடு இடம்பெறும்.

மதிப்பீடு

கண்பட்டையின் வரலாற்றில் இரு வழிகள் இணையாகச் செல்கின்றன. ஒன்று, செனபோன் கூறியதுபோல் உலகத்துக்குக் குதிரையைப் பழக்குவது. மற்றது, குதிரைக்குத் தெரியும் உலகத்தைச் சுருக்குவது. முதல் வழிக்குக் காலமும் பொறுமையும் வேண்டும். இரண்டாவது உடனே பயன் தருவதால் பெரிதும் பரவியது. இன்று வண்டியோட்டுபவர்களிலும் ஒரு சாரார் கண்பட்டையின்றியே குதிரைகளைப் பழக்குகின்றனர். வேறு சாரார் நெரிசலான தெருவில் அதைக் காப்பாகக் கருதுகின்றனர்.

பென் ஜோன்ஸின் கத்தரி வெட்டியெடுத்தது கண்பட்டையின் பாதியை. குதிரை காண வேண்டியதைக் காணட்டும் என்று விட்டதும் அவருடைய தேர்வின் ஒரு பகுதியே. பேச்சு வழக்கில் குறுகிய பார்வைக்கு அடையாளமாகிவிட்ட இக்கருவி, அதை அணிவிப்பவரிடம் எதிர்பார்ப்பது விரிந்த பார்வையை.